இனி இங்கே நிற்கும்

சிவப்புக் கயிறு கட்டி அளந்தார்கள் முதலில்.
அம்மாவின் அடுப்பு இருந்த இடத்தில்
வரைபடத்தில் ‘பொதிகள்’ என்று போட்டிருந்தது.

மண்சரிவு லயத்தைக் கொண்டுபோன வருஷம்
ஒரு மாதத்துக்கு என்று சொல்லித்தான்
பூட்டிக் கிடந்த ஸ்டேஷனைத் திறந்துவிட்டார்கள்.
அந்த ஒரு மாதத்தில்
தம்பி பிறந்தான், பேசினான், சாதாரண தரம் எழுதினான்,
கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கும் போனான்.

பிறந்த அன்று அவனைப்
பொதி நிறுக்கும் தராசில் கிடத்திப் பார்த்தோம்.
துருவேறிய முள் இருபது கிலோவில் நின்றது.
தோட்டத்தில் எவனுக்கும் இப்படிப் பிள்ளை இல்லை என்றார் அப்பா.

இடாப்பில் எங்கள் முகவரி:
புகையிரத நிலையம், ஸ்ட்ரத்வெல்.
எங்கள் வாய்க்கு அது எப்போதும் சத்தியவேல்.
கடிதம் வராது.
நீல ரயில் வரும், நாளுக்கு நாலு தடவை, நிற்காமல்.
கதவில் தொங்கியபடி வெள்ளைக்காரர்கள்
சிக்னல் கம்பத்துக் கொடியில் காயும்
என் பள்ளிக்கூடச் சட்டையைப் படம் பிடித்தார்கள்.
எந்தெந்த நாட்டுச் சுவரிலோ
அது இன்னும் காய்ந்துகொண்டிருக்கும்.

அப்பாவுக்கு நெஞ்சு வலித்த இரவு
வாசலிலிருந்து பத்தடியில் மெயில் போனது.
ரயிலேற வேண்டுமானால்
மூன்று மைல் தள்ளி அடுத்த ஸ்டேஷன்.
கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தோம்.
அதற்கு மேல் நான் எழுதுவதில்லை.

ஜயலத் மாத்தயா நல்ல மனிதர்.
ஏழு பேர்ச் காணியும் தகரமும் வாங்கித் தந்தார்,
பத்தாம் நம்பர் மலையில்.
ஆள் போதாதென்று எங்களையே வேலைக்கும் எடுத்தார்.
மணல் சுமந்தேன். சுவர் சுரண்டினேன்.
எங்கள் சுண்ணாம்பு ஏழு பூச்சு,
அதற்குக் கீழே யாருடையதோ ஒரு பச்சை,
அதற்கும் கீழே ரயில்வே மஞ்சள்.
அந்த மஞ்சள்தான் வேண்டுமாம்.
ஏழு பூச்சும் தூளாகி என் தலையில் கொட்டியது.

கடிகாரம் இருந்த வட்டத் தழும்பை அம்மா
முருகன் கலண்டர் மாட்டி மறைத்திருந்தாள்.
கலண்டரைக் கழற்றி
அதே ஆணியில் புதுக் கடிகாரத்தை மாட்டினான் மேசன்.
“நல்ல ஆணி” என்றான்.
“நான் அடிச்சது” என்றாள் அம்மா.
செக்ரோலில் ஆணிக்குப் பேர் இல்லை.

பெயர்ப் பலகைக்காரன்
தமிழில் ‘ஸ்ட்ரத்வெள்’ என்று வரைந்துவிட்டான்.
பிழை என்றேன்.
ஏணியில் நின்றபடியே கேட்டான், எந்த ‘ல்’?
ஈர மணலில் விரலால் எழுதிக் காட்டினேன்.
இறங்கி வந்து உற்றுப் பார்த்துவிட்டு
அப்படியே ஏற்றினான், சாய்வு உட்பட.
மூன்று மொழிக்கு நடுவில்
கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து நிற்கிறதே
அது என் ல்.

திறப்பு விழாவுக்குப் பால்சோறு, பட்டாசு, மைக்.
ரயில் நின்றது. உண்மையாகவே நின்றது.
என்ன செய்வதென்று தெரியாமல்
ஆட்கள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அம்மா வரவில்லை.
பத்தாம் நம்பரிலிருந்து ஸ்டேஷனுக்கு
மூன்று மைல்.

இன்றைக்கு வந்தாள். தம்பியைப் பார்க்கப் போக வேண்டும்.
டிக்கெட் ஜன்னலின் அரைவட்டத் துவாரம்.
அதன் உள்பக்கம் நின்றுதான்
பத்தொன்பது வருஷம் மழை பார்த்தாள்,
பாதை தவறி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி நீட்டினாள்.
வெளிப்பக்கம் எவ்வளவு குனிய வேண்டும் என்று
அவளுக்குத் தெரியவில்லை.
நெற்றி மரத்தில் இடித்தது.

“கொஹாட்டத அம்மே?” என்றாள் உள்ளே ருவந்தி,
புதுச் சீருடை, புது வளையல்.

எங்கே என்று அம்மா சொல்லவில்லை.
கையைத் துவாரத்துக்குள் முழங்கை வரை விட்டு
அந்த மூலையைக் காட்டினாள்.
“அங்க ஒழுகும், மகள்.
ஐப்பசி வந்தா வாளி வச்சிருங்க.”

புது ஓடு. புதுப் பலகை. போன வாரம் அடித்த பெயின்ட்.
இருந்தும்
ருவந்தி நிமிர்ந்து பார்த்தாள்.